கடைசிப் படகு போன பிறகு: நெடுந்தீவு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 14, வியாழன், இரவு

கொழும்பு வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். மத்தியானம் வரைக்கும் இப்படியொரு எண்ணமே இல்லை. நாளைக்கு லீவு கேட்டேன், கிடைத்தது, உடனே சீட் போட்டுவிட்டேன். அம்மா "தனியவோ?" என்று மட்டும் கேட்டா. பிறகு போன் சார்ஜரைத் தேடி எடுத்து என் பைக்குள் வைத்தா. பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் நல்லூர்த் திருவிழாவுக்குத்தான். நான் போவது அதையும் தாண்டி, கடலுக்குள் கிடக்கிற நெடுந்தீவுக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். அங்கே றோட்டு முடிகிறது. நயினாதீவு அம்மனிடம் போகிறவர்களின் வரிசை நீண்டு கிடந்தது. எங்கள் படகில் ஆட்களைவிட சாமான் அதிகம்: அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கம்பிக் கட்டு, ஒரு பெட்டி நிறையக் கோழிக்குஞ்சு. தீவுக்குள் போகிற எதுவும் இப்படித்தான் போகவேண்டும்.

சோளகக் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, அடிக்கிற காலம், கடல் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஐயா, "நடுவில வந்து இருங்கோ பிள்ளை, அங்க ஆட்டம் குறைவு" என்றார். ஒரு மணித்தியாலம் இப்படியே. 1985 மே 15 அன்று நெடுந்தீவுச் சனங்களை ஏற்றிவந்த குமுதினிப் படகை மறித்தது இந்தக் கடலில்தான். கைக்குழந்தை உட்பட அதில் வந்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். அந்த ஐயாவிடம் அதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாவலித்துறையில் இறங்கும்போது அவரே சொன்னார், தன் சொந்தத்திலும் ஒருவர் அதில் போனவர் என்று.

காலையில் வந்து ஓட்டோவில் ஒரு சுற்றுச் சுற்றி, பின்னேரப் படகில் திரும்புவதுதான் வழக்கம். நான் தங்கிவிட்டேன். கடைசிப் படகு போனதும் துறையில் சத்தம் அடங்கி, ஊர் தன் பாட்டுக்குத் திரும்பியது. வாசலில் மீன் கொடுத்தார்கள், பிள்ளைகள் சைக்கிளில் ரியூசனுக்குப் போனார்கள். தங்கின வீட்டு அக்கா இடியப்பமும் சொதியும் கணவாய்க் கறியும் வைத்தா. "தனிய வந்த பிள்ளை" என்று இரண்டு தரம் கூடப் போட்டா.

ஆகஸ்ட் 16, சனி

அக்காவின் மகனுடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு வெயில் ஏறுமுன் வெளிக்கிட்டேன். தீவு முழுக்க முருகைக்கல் வேலிதான். சாந்து இல்லை, சீமெந்து இல்லை, கல்லின் மேல் கல். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப் பூச்சி விட்டுப்போன கோடுகள், மூளை மடிப்பு மாதிரி. இடைவெளியால் காற்றுப் போய்விடுவதால்தான் சோளகத்தில் விழாமல் நிற்கிறது என்று வேலி திருத்திக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். சரிந்த இடத்தை அவர் அடுக்கின விதத்தைப் பார்க்கவேண்டும்: ஒரு கல்லை எடுத்து, திருப்பி, வைத்து, பிடிக்காமல் எடுத்து, வேறொன்று. அவசரமே இல்லை.

கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம் என்கிற பருத்த பாவோபாப் மரம் எல்லாம் பார்த்தேன். பெருக்கமரத்தின் பொந்துக்குள் நின்றால் வெளியே அடிக்கிற வெயில் தெரியாது. ஆனால் நான் எழுதவேண்டியது குதிரைகளைப் பற்றி.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை, கட்டையானவை. அவை மேயும் வெளி 2015 இல் தேசியப் பூங்கா ஆனது. ஓகஸ்டில் அந்த வெளியில் புல் என்று சொல்ல ஒன்றுமில்லை. பின்னேரம் ஒரு தொட்டியடியில் பத்துப் பதினைந்து நின்றன. தொட்டி காய்ந்திருந்தது. ஒரு பெண்குதிரை, விலா எலும்பு எண்ணலாம், ஈரம் மிஞ்சின மூலையை நக்கிக்கொண்டே நின்றது. குட்டி அதன் வயிற்றடியில். பிறகு தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி வந்தது. தண்ணீர் விழுந்த சத்தத்துக்கு எல்லாம் ஓடி வந்தன. பெரிய ஆண்குதிரை கடித்துக் கடித்து மற்றதுகளை விலத்தியது. தாயும் குட்டியும் கடைசியாகத்தான் குடித்தன. அதுவரை நான் அசையவில்லை.

வறட்சியில் குதிரைகள் செத்த வருடங்கள் உண்டு. படம் எடுக்க எத்தனையோ பேர் வருகிறோம். கோடையில் ஒரு தொட்டிகூடக் காயாமல் பார்ப்பதுதான் இந்தப் பூங்காவின் முதல் வேலை என்று நினைக்கிறேன். பவுசர்க்காரரிடமும் அதைச் சொன்னேன். "சனத்துக்கே நல்ல தண்ணி தட்டுப்பாடு தங்கச்சி" என்றார். அதுவும் உண்மை. கிணறுகளில் பெரும்பாலும் உவர்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலைப் படகு. முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு. இந்த அலையில் மாமியார் அவவின் கையை விடாமல் பிடித்திருந்தா. எனக்கு இது பயணம், அவவுக்கு வேறு வழியில்லை.

அக்கா ஒடியல் மா, காயவைத்த பனங்கிழங்கு மா, கட்டித் தந்திருக்கிறா, அம்மாவுக்குக் கூழ் காய்ச்ச. மாரி மழை முடிந்து தையில் வந்தால் வெளி பச்சையாக இருக்குமாம், குளமெல்லாம் நிறைந்திருக்குமாம். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமைக்கு இப்போதே லீவு கேட்டு மெசேஜ் போட்டுவிட்டேன்.