கழன்ற மோல்டிங்: ஒட்டுறதுக்கு முதல் பின்பக்கத்தைப் பாருங்க

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திரும்பத் திறந்தாலும், வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் கனபேருக்கு எட்டாத விலை. அதனால் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் 110 கொரோலா, எப்பி 14, 15 சன்னி, சிகே லான்சர் எல்லாம் இன்னும் அன்றாடம் ஓடுகிற கார்கள்தான். என்ஜினில் ஒரு குறையும் இராது. கதவு மோல்டிங் (கதவின் குறுக்கே ஓடும் பிளாஸ்டிக் பட்டி) ஒரு நுனி தூக்கிக்கொண்டு நிற்கும், கூரை மோல்டிங் ஓட்டத்தில் படபடவென்று அடிக்கும், பம்பர் மூலை மட்காட்டை விட்டு ஒரு விரல் விலகியிருக்கும். உடனே கை போவது சூப்பர் குளூவுக்கு. அங்கேதான் வேலை கெடுகிறது.

காரணம் வெயில். ஏபிஎஸ் பிளாஸ்டிக் மோல்டிங் ஒரு மீற்றர் நீளம் என்றால், சூடு 40 பாகை கூடும்போது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளும். அதே நீள இரும்புக் கதவு அரை மில்லிமீற்றர்தான் நீளும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியில் நிற்கும் காருக்கு இந்த இழுபறி தினமும் நடக்கிறது. சூப்பர் குளூ காய்ந்தால் விறைத்துவிடும், கொஞ்சமும் நெகிழாது. ஒன்றில் அது வெடிக்கும், இல்லையென்றால் பெயின்டையும் உரித்துக்கொண்டு வரும். கொம்பனி ஒட்டி அனுப்பிய ஃபோம் டேப்பின் தடிப்பு சும்மா இல்லை. அந்த ஒரு மில்லிமீற்றர் ஃபோம்தான் இரண்டுக்கும் நடுவில் நெளிந்துகொடுக்கிறது.

சிலிக்கனும் கனபேரின் தெரிவு. வினாகிரி மணம் வரும் சிலிக்கன் காயும்போது அசற்றிக் அமிலம் விடும். கீறல் பட்ட தகரத்தில் அதைப் பூசுவது கறளுக்கு விதை போடுகிற வேலை. பிறகு அந்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போனால், துடைத்தும் போகாத சிலிக்கன் மிச்சத்தில் பெயின்ட் பிடிக்காமல் குழிகுழியாக விலகி நிற்கும். டிங்கர் பாஸ்மார் சிலிக்கன் டியூபைக் கண்டால் ஏசுவது இதனால்தான்.

எனவே முதலில் அந்தத் துண்டு எப்படிப் பிடித்திருந்தது என்று பாருங்க: டேப்பா, கிளிப்பா, இரண்டும் சேர்த்தா. அதே வழியில்தான் திரும்பவும் பிடிக்க வேண்டும்.

கதவு மோல்டிங் பெரும்பாலும் டேப். பழைய மொடல்களில் கிளிப்பும் இருக்கும். ஒரு நுனி மட்டும் கழன்றிருந்தால் அந்த நுனியை மட்டும் ஒட்டிவிடலாம் என்று நினைக்காதீங்க. ஒரு பக்கம் விட்ட டேப்பின் மிச்சமும் உப்பும் தூசியும் குடித்துத்தான் இருக்கும். முழுதாகக் கழற்றுங்க. ஹெயார் டிரையரால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, தங்கூசியை (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) மோல்டிங்குக்கும் கதவுக்கும் நடுவில் விட்டு, இரண்டு கையாலும் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் ஃபோம் நடுவால் பிளந்து வரும். இதற்குத் தடித்த தங்கூசி நல்லது, மெல்லியது அறுந்துவிடும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கதவில் பள்ளம் விழும், மோல்டிங்கும் வளையும். வளைந்த மோல்டிங்கை எந்த டேப்பும் பிடித்து வைக்காது.

கதவில் ஒட்டியிருக்கும் ஃபோம் மிச்சத்தைப் பெருவிரலால் உருட்டி எடுக்கலாம். நிறைய இருந்தால் டிரில்லில் பூட்டும் ரப்பர் சில்லு இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, ஓரிடத்தில் நிற்காமல் ஓட்ட வேண்டும். நின்றால் பெயின்ட் எரியும். கடைசிப் பசைக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணியைப் பத்து நிமிசம் போட்டுவைத்தால் இளகும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலம் விடும், ஆகவே பாத்திரம் கழுவும் திரவத்தால் இரண்டு தரம் கழுவுங்க. தின்னர் வேண்டாம். பழைய கார்களில் பாதிக்கு எங்கேயாவது ரீபெயின்ட் நடந்திருக்கும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் என்றால் தின்னர் பட்டதும் நிறம் துணியில் வந்துவிடும்.

இப்போது கதவைக் குனிந்து பக்கவாட்டில் பாருங்க. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் மோல்டிங்குக்குப் பின்னால் தேங்கும் தண்ணியில் உப்பு இருக்கும். பெயின்ட் சிறு கொப்புளமாக எழும்பியிருந்தால் அடியில் கறள். கனதரம் மோல்டிங் விடுவதற்கே காரணம் இதுதான். டேப் விடவில்லை, டேப் பிடித்திருந்த பெயின்ட்தான் தகரத்தை விட்டிருக்கிறது. கழன்ற டேப்பைத் திருப்பிப் பார்த்தால் அதில் பெயின்ட் செதில் ஒட்டியிருக்கும். அப்படியென்றால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை 80 நம்பர் தாளால் தேய்த்து, 180, 320 என்று மெதுவாக்கி, குழிகளுக்குள் இருப்பதற்குக் கறள் மாற்றி பூசிக் காயவிட்டு, எபொக்சி பிரைமர், அதன்மேல் பெயின்ட். 2கே பெயின்ட் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) அடித்தாலும் ஒரு கிழமையாவது பொறுத்துத்தான் டேப் ஒட்ட வேண்டும். உள்ளே இருக்கும் தின்னர் ஆவி வெளியேறாமல் டேப்பின் பசையைக் கெடுக்கும்.

டேப் வாங்கும்போது புத்தகக் கடையில் விற்கும் வெள்ளைப் பஞ்சு டேப்பை விடுங்க, அது வெயிலில் பொடிந்து போகும். தேவை அக்ரிலிக் ஃபோம் டேப். 3எம் விஎச்பி (VHB) வகை என்று கேட்டால் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையிலும் பெரிய ஹார்ட்வெயாரிலும் தெரியும். பெயரை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை இழுத்துப் பாருங்க. நல்லது சுவிங்கம் மாதிரி நீளும், மட்டமானது பஞ்சாகப் பிய்யும். தடிப்பைப் பழைய டேப்பை அளந்து எடுங்க, பெரும்பாலும் 0.8 முதல் 1.2 மில்லிமீற்றருக்குள் வரும். மெல்லிய டேப் வாங்கினால் மோல்டிங்கின் ஓர விளிம்பு கதவில் முட்டி, டேப் கதவைத் தொடாமலே நிற்கும். நாலு கதவுக் காருக்கு, மட்காட் துண்டுகளோடு, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மீற்றர் மோல்டிங். மேலும் கீழுமாக இரண்டு வரிசை ஒட்டினால் இரண்டு பக்கத்துக்கும் 10 மீற்றர் டேப் வேண்டும்.

மோல்டிங்கின் பின்பக்கத்தில் என்ன பிளாஸ்டிக் என்று அச்சடித்திருப்பார்கள். ஏபிஎஸ் என்றால் 400 தாளால் லேசாகத் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். பிபி (PP, பொலிபுரொப்பிலீன்) என்று இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் எந்தப் பசையையும் இலேசில் ஏற்காது, டேப்புக்கான பிரைமர் பூசியே ஆகவேண்டும். பிரைமர் இல்லாமல் பிபியில் ஒட்டிய டேப் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும்.

கடைசித் துடைப்புக்கு ஐசோபுரோபைல் அல்ககோலும் தண்ணியும் பாதிக்குப் பாதி. கையில் தேய்க்கும் சனிட்டைசர் ஜெல் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். பெற்றோலும் வேண்டாம், படலம் விடும். நனைந்த துணியால் துடைத்து, அது காய முதல் வேறு காய்ந்த துணியால் எடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் அழுக்கு அங்கேயே படிந்துவிடும்.

ஒட்டும் நேரமும் முக்கியம். நடுப்பகல் வெயிலில் கறுப்புக் கதவு 60 பாகைக்கு மேலே போகும், ஸ்பிரிட் துடைக்க முதலே பறந்துவிடும். காலை எட்டு ஒன்பது மணிக்கு, நிழலில், தகரம் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்போது செய்யுங்க. மாரியில் என்றால் பனி வேர்த்த கதவைத் துடைத்த கையோடு ஒட்டாதீங்க, ஹெயார் டிரையரால் சூடு காட்டி ஈரத்தைப் போக்குங்க.

மற்றக் கதவின் மோல்டிங்கோடு நேர்பிடித்து, மேல் விளிம்புக்கு மாஸ்கிங் டேப்பால் ஒரு கோடு போடுங்க. டேப்பை மோல்டிங்கில் ஒட்டும்போது விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் உள்ளே தள்ளி, மேல் வரிசையை இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாக ஒட்டுங்க. கீழ் வரிசையில் அங்கங்கே ஒரு அங்குல இடைவெளி விடுங்க. மேலால் தண்ணி இறங்கக் கூடாது, தப்பி இறங்கினால் கீழால் வழிய வேண்டும். இரண்டு நுனியிலும் கடைசி ஐந்து சென்ரிமீற்றருக்கு அகலம் முழுக்க டேப் நிரப்புங்க. ஃபோம் டேப் வழுக்கும் இழுவைக்கு நன்றாகத் தாங்கும், நுனியிலிருந்து உரிக்கும் இழுவைக்குத் தாங்காது. எந்தக் காரிலும் முதலில் எழும்புவது நுனிதான்.

டேப்பின் சிவப்புத் தாளை இரண்டு நுனியிலும் கொஞ்சம் உரித்து வெளியே மடித்து வைத்து, மோல்டிங்கைக் கோட்டில் வைத்துச் சரிபார்த்தபிறகு தாளை மெதுவாக இழுத்தெடுக்கலாம். தொட்டால் தொட்டதுதான், இழுத்துத் திருத்த முடியாது. பிறகு ஒவ்வொரு அங்குலமாகப் பெருவிரலால் அழுத்துங்க. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஏழு கிலோ அழுத்தம் வேண்டும், சும்மா தடவினால் காணாது. சாதாரண அறைச் சூட்டில் இருபது நிமிசத்தில் பாதிப் பிடி வரும், 24 மணித்தியாலத்தில் 90 வீதம், 72 மணித்தியாலத்தில் முழுப்பிடி. அதுவரை கார் கழுவ வேண்டாம். சேர்விஸ் ஸ்டேசனில் பிரசர் கன்னை ஒரு கிழமைக்காவது அந்தப் பக்கம் காட்ட விடாதீங்க.

கிளிப் உள்ள மோல்டிங் என்றால் உடைந்த கிளிப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்க. காரின் பெயரைச் சொன்னால் காணாது, துளையின் விட்டத்தையும் காலின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும். உடைந்த துண்டைக் கதவுக்குள் தள்ளிவிடுவது வழக்கம். அது கீழே விழுந்து வடிகால் துளையில் இருந்தால் கதவுக்குள் தண்ணி நின்று அடிப்பக்கம் உக்கும். குறட்டால் வெளியே இழுங்க, விழுந்துவிட்டால் உள்பலகையைக் கழற்றி எடுங்க. துளை ஓரத்தில் கறளைச் சுரண்டி, பிரைமர் காய்ந்தபிறகு கொஞ்சம் கிறீஸ் தடவிக் கிளிப்பைப் போடுங்க. கறளால் துளை பெருத்திருந்தால் தலை பெரிய கிளிப், ரப்பர் வாசரோடு.

கூரை மோல்டிங்குக்குப் பசை தேவையில்லை. அடியில் இருக்கும் பள்ளத்தைத் தூரிகையால் சுத்தமாக்கி, பழைய சீலண்ட் வெடித்திருந்தால் பொலியூரித்தேன் சீலண்ட்டால் அடைத்து, கிளிப்பை மாற்றினால் சரி. மேல்சீலையில் மழைக்கறை தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தப் பள்ளம்.

பம்பர் மூலை விலகினால் உள்ளே இருக்கும் பக்கப் பிடி உடைந்திருக்கும், மாற்ற வேண்டியது அதைத்தான். பம்பருக்கு மேலாலேயே ஸ்குரூ அடித்தால் அந்தத் துளையிலிருந்து வெடிப்பு ஓடும். வேறு வழியே இல்லையென்றால் பெரிய வாசர் போடுங்க.

ஒரு துண்டு தொலைந்து, கொழும்பில் ஸ்பெயார் பார்ட்ஸ் விற்கும் பஞ்சிகாவத்தை வரை விசாரித்தும் சோடி கிடைக்கவில்லையென்றால், துளை இல்லாத கதவுகளில் இரண்டு பக்க மோல்டிங்கையும் கழற்றிவிடுவதே பார்வைக்கு நல்லது. மூடியிருந்த இடம் மட்டும் மங்காமல் கோடாகத் தெரியும். சுற்றியுள்ள பெயின்டைக் கொம்பவுண்டு போட்டுப் பொலிஷ் பண்ணினால் வித்தியாசம் குறையும். வெள்ளை, வெள்ளிநிறக் கார்களில் அநேகமாக மறையும், சிவப்பில் மறையாது.