விழுந்த வண்டியும் மஞ்சள் விளக்கும்

நேற்று சாயங்காலம் சாரலில், தக்கலையிலிருந்து திங்கள்சந்தை வரும் வழியில், வளைவில் கிடந்த மணலில் பைக் வழுக்கி வலது பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

நிமிர்த்தி செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. பயந்துபோய் ஒர்க்‌ஷாப் அண்ணனுக்கு போன் போட்டேன்.

“மக்கா, சாவியை ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடு.”

பிடித்துக்கொண்டது! பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் இப்போதைய பல வண்டிகளில் சாய்வை அறியும் சென்சார் உண்டாம். வண்டி படுத்தால் எஞ்சினை நிறுத்திவிடுமாம், சாவியை ஆஃப் பண்ணிப் போட்டால்தான் மறுபடி விடுமாம். சைலன்சரில் நீலப்புகை வந்தது. படுத்துக் கிடந்தபோது சிலிண்டருக்குள் ஆயில் இறங்கியிருக்கும், கொஞ்ச நேரத்தில் நிற்கும் என்றார், நின்றது.

அப்புறம்தான் முக்கியமானதைக் கேட்டார்: “கீழே ஆயில் சொட்டுதா?” டார்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சினின் வலது பக்க மூடியான கிளட்ச் கவரில் முடி கனத்துக்கு ஒரு விரிசல், அதில் பளபளவென்று கசிவு. உடனே எஞ்சினை நிறுத்தச் சொன்னார். சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லையே என்றேன். அது எரியும்வரை காத்திருந்தால் எஞ்சின் ஜாம் ஆகிவிடும் என்று திட்டினார்.

மினி டெம்போவில் ஏற்றி வீடு வந்தேன். வீட்டில் முதல் கேள்வி, “வண்டிக்கு என்னாச்சு?” முழங்கையை யாரும் பார்க்கவில்லை.