சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குச் சரக்கு அனுப்புவோர் கவனத்துக்கு: ஒரு முத்திரைக்காக நாங்கள் அலைந்த அலைச்சல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்புத் தகட்டு வேலை செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. சென்னையை அடுத்த சிறப்புப் பொருளாதார மண்டலம் ஒன்றில் இயங்கும் ஏற்றுமதி நிறுவனத்துக்குப் பிராக்கெட்டுகள் செய்து அனுப்பியதற்கான ஜிஎஸ்டி ரீஃபண்டு, பெரும் இழுபறிக்குப் பின் சென்ற வாரம்தான் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. எல்யுடி (வரி கட்டாமல் அனுப்ப முன்கூட்டியே கொடுக்கும் உறுதிமொழிக் கடிதம்), ஈ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்சீட்டு), ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) ஆகியவை சிக்கலின்றி முடிந்தன. எங்களை அலைக்கழித்தது இன்வாய்ஸ் நகலில் மண்டல அதிகாரியின் கையெழுத்தோடு விழாமல் போன ஒரு முத்திரைதான்.

2005-ஆம் ஆண்டுச் சட்டம் இம்மண்டலங்களை நாட்டின் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள பகுதியாகக் கருதுகிறது. அதனால் லாரி பக்கத்து ஊருக்கே போனாலும் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையாகிறது. எல்யுடி கொடுத்திருந்தால் வரி வசூலிக்காமலே அனுப்பலாம். தகடு வாங்கும்போது நாம் கட்டிய 18 சதவீத வரியையும் திரும்பக் கேட்கலாம். ஆனால் சரக்கு முழுமையாக உள்ளே வந்து சேர்ந்தது என்று மண்டலத்தின் அதிகாரி இன்வாய்ஸில் எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும் (இதைத்தான் எண்டார்ஸ் செய்வது என்பார்கள்).

வாங்கிய நிறுவனத்தின் ஸ்டோர்ஸிலிருந்து எங்களுக்குத் திரும்பி வந்த நகல்களில் கேட் முத்திரையும் அந்த நிறுவனத்தின் முத்திரையும் மட்டுமே இருந்தன. இவையே போதும் என்று அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். விண்ணப்பித்த பிறகு வந்த குறைபாட்டுக் குறிப்பிலோ "ஆவணங்கள் போதவில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எந்த ஆவணம் என்று அதிலேயே எழுதியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும். ஜிஎஸ்டி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டபோதுதான், அங்கிருந்த எழுத்தர் தாளைப் புரட்டிப் பார்த்து, "இது கம்பெனி சீல் சார், ஆபீசர் கையெழுத்து எங்கே?" என்றார்.

விசாரித்தால், சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கான எஸ்இஇசட் ஆன்லைன் தளத்தில் செய்ய வேண்டிய கொள்முதல் பதிவையே அந்த நிறுவனம் செய்திருக்கவில்லை. எண்டார்ஸ் செய்த நகல் 45 நாட்களுக்குள் நம் வட்டார ஜிஎஸ்டி அதிகாரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. போகவில்லை என்றால் வரிக் கோரிக்கை சரக்கு அனுப்பியவர் மீதுதான் வரும். பதிவு செய்ய வேண்டியவர் ஒருவர், பணத்துக்குப் பொறுப்பாகிறவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு, கைமுதலை நம்பி ஓடும் சிறு பட்டறைகளுக்குப் பெரிய அநீதி.

பலமுறை வற்புறுத்திய பிறகு பதிவு செய்தார்கள். அப்போதும் எங்கள் இன்வாய்ஸில் கிலோ, அவர்கள் பதிவில் எண்ணிக்கை என்று இருந்ததால் அது திரும்பி வந்தது. எடைமேடை ரசீதுகளையும், ஒரு பிராக்கெட்டின் எடையைக் குறிப்பிட்டு அவர்கள் கொடுத்த கடிதத்தையும் இணைத்தோம். மண்டல அலுவலகத்தில் இருந்த அதிகாரி கேட் பதிவேட்டை வரவழைத்து, ஒவ்வொரு லாரி எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்து, இன்வாய்ஸ் இன்வாய்ஸாகத் தேதியுடன் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்த மனிதருக்கு என்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

இப்போதெல்லாம் ஆர்டர் வாங்கும்போதே, எண்டார்ஸ் செய்த நகலை 30 நாட்களில் தர வேண்டும், தவறினால் வரியும் வட்டியும் வாங்குபவர் பொறுப்பு என்று எழுதி வாங்கிவிடுகிறோம். அளவு அலகு ஆர்டரிலும் இன்வாய்ஸிலும் அவர்கள் பதிவிலும் ஒன்றாக இருக்கிறதா என்று லாரி கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற சுருக்கக் கணக்குப் படிவத்தில் இவ்விற்பனை பூஜ்ய வரி விற்பனைக்கான 3.1(பி)-யில்தான் வர வேண்டும், வழக்கமான வரி விற்பனைக்கான 3.1(ஏ)-யில் போட்டுவிட்டு ரீஃபண்டில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. குறைபாட்டுக் குறிப்பு வந்துவிட்டால் பழைய விண்ணப்பம் அதோடு முடிந்தது. ரீஃபண்டு விண்ணப்பப் படிவமான ஆர்எஃப்டி-01-ஐப் புதிதாகத்தான் போட வேண்டும். முதல் விண்ணப்பம் போட்ட நாள் முதல் குறைபாட்டுக் குறிப்பு வந்த நாள் வரையிலான காலம் ரீஃபண்டு கேட்பதற்கான இரண்டு ஆண்டுக் கெடுவில் சேராது என்று 2021-இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். கெடு முடிந்துவிட்டதென்று யாராவது சொன்னால், அந்த நாட்களைக் கழித்து ஆடிட்டரை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.