அம்மாவின் மைக்ரோவேவும் என் வைஃபையும்

மூன்று நாளாகச் சுங்கை சிப்புட் வீட்டில் என் மடிக்கணினிக்கு மட்டும் வைஃபை வருவதும் போவதுமாக இருந்தது. கைப்பேசிக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் மாட்டியது அம்மா. பசியாறலுக்கு அவர் மைக்ரோவேவில் நேற்றைய சாம்பாரைச் சூடாக்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்தது. மைக்ரோவேவும் என் மடிக்கணினியின் வைஃபையும் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைப் பக்கம்தான். கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்ததால் தப்பித்திருக்கிறது. மடிக்கணினியையும் அதற்கே மாற்றினேன். அந்த அலைக்குச் சுவர் என்றால் ஆகாது. சரி என்று மேசையை வைஃபை பெட்டி இருக்கும் முன்கூடத்துக்கு இழுத்துப் போட்டேன்.

அப்புறமும் மடிக்கணினியைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் இணைப்பு போய்விடும். விண்டோஸில் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், வைஃபையைப் பிடிக்கும் பாகமான அடாப்டரைத் திறந்து, மின்சாரம் மிச்சம்பிடிக்க அதை அணைக்கலாம் என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். நேற்றிரவு முழுக்க அறுபடவே இல்லை.

“அப்ப என் மைக்ரோவேவ் மேல குத்தம் இல்லதானே?” என்கிறார் அம்மா.