பரிவட்டம் யாருக்கு? எங்கள் நகருக்குப் பிள்ளையார் வந்த கதை

"ராமேஸ்வரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களுக்கு எதுக்கும்மா இன்னொரு கோயில்?"

இந்த மூன்று வருடத்தில் இதை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. சென்னையில் இருக்கும் என் மகன் கேட்டான். பட்டா நகல் எடுக்கப் போன இடத்தில் கேட்டார்கள். டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவர்கூடக் கேட்டுவிட்டுத்தான் குழாயைத் திறந்தார்.

ராமேஸ்வரம் காசிக்காரர்களுக்கே பெரிய கோயில். அங்கே போவதென்றால் சோறு கட்டி, பஸ் பிடித்து, வடநாட்டு யாத்திரைக் கூட்டத்தோடு வரிசையில் நின்று வரவேண்டும். பேரனுக்குக் காய்ச்சல் விட்டது, ஒரு தேங்காய் உடைக்கவேண்டும். புது பைக் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும். பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் நெற்றியில் துளி விபூதி வேண்டும். இதற்கெல்லாம் ராமநாதசுவாமியையா தொந்தரவு பண்ணுவது? திருப்புல்லாணி, தேவிபட்டினம், உத்தரகோசமங்கை, உப்பூர் என்று எங்கள் ராமநாதபுரம் சேதுச் சீமையில் கோயிலுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் வண்டி வைத்துப் போகிற கோயில்கள். செருப்பு மாட்டாமல் நடந்துபோய் வருகிற கோயில்தான் எங்களுக்கு இல்லை.

எங்கள் நகர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருக்கிறது. நாங்கள் வீடு கட்டி வந்தபோது உடைமரமும் பனையும்தான் அக்கம்பக்கம். ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத்தளத்தில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள், வளைகுடாவில் சம்பாதித்து மனை வாங்கியவர்கள், என்னைப் போல ஓய்வு பெற்று வந்தவர்கள் என்று இப்போது அறுபதுக்கு மேல் வீடுகள். எனக்கு ஊர் கமுதிப் பக்கம். எதிர்வீடு திருவாடானை. மூன்றாவது வீடு பரமக்குடி. மாசிக் களரித் திருவிழா வந்தால் சிவராத்திரிக்கு முதல் நாளே தெரு காலியாகிவிடும், அவரவர் குலதெய்வத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தால், யாருக்கும் சொந்தமில்லாத தெருவாக அது அப்படியே கிடக்கும்.

என் அத்தை, அதாவது மாமியார், அமாவாசைக்கு அமாவாசை பாசஞ்சர் ரயில் ஏறி அக்னி தீர்த்தம் போய் வந்துகொண்டிருந்தார். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. பஸ் படி அவருக்கு ஏறாது. "ஒரு பிள்ளையாராவது வச்சுவிடுங்கத்தா, நான் உட்கார்ந்து பேசிக்கிருவேன்" என்று ஆரம்பித்தார். அந்த ஆவணியில்தான் இளவட்டங்கள் பூங்கா இடத்தில் களிமண் பிள்ளையார் வைத்துக் கடலில் கரைத்திருந்தார்கள். போட்ட தகரக் கொட்டகையைப் பிரிக்கவும் இல்லை.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. கொட்டகை இருக்கிறது, ஒரு கல் பிள்ளையாரை ராவோடு ராவாக ஊன்றிவிட்டால் யார் எடுக்கப் போகிறார்கள் என்று பாதிப் பேர் சொன்னார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன், மறைப்பானேன். தடுத்தவர் எங்கள் தெரு சர்வேயர் அண்ணன், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். லேஅவுட் அனுமதி வாங்கும்போது பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்குப் போய்விட்டது, அது நம் இடமே இல்லை என்றார். பூங்காவிலும் தெருவிலும் பொது இடத்திலும் எந்த மதத்தின் வழிபாட்டுத் தலத்தையும் அனுமதியில்லாமல் கட்டக்கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன உத்தரவையும் எடுத்துக் காட்டினார். "இன்னைக்கு வச்சிருவோம் தங்கச்சி. பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் வழக்குப் போட்டா ஜேசிபி வரும். அப்ப அந்தக் கல்லை யார் தூக்குறது?" கொட்டகை மறுநாளே பிரிந்தது.

புதிதாக வளரும் ஊர்களில் இருப்பவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். பணம் பிறகு வரும். முதலில் இடம்.

இடமும் உடனே அமையவில்லை. கடல் பக்கம் ஒருவர் சும்மாவே தருகிறேன் என்றார். அருமையான இடம், காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆனால் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வருகிறது. கடலோர ஒழுங்குமுறை அனுமதி என்று இன்னொரு படி ஏறவேண்டும். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தோம். கடைசியில் மஸ்கட்டில் இருக்கும் ஒரு தம்பி தன் மனையில் மூன்று சென்ட் தர ஒத்துக்கொண்டார்.

தருகிறேன் என்றால் யார் பேரில் எழுதுவது? கோயில் பேரில் எழுத, கோயில் இன்னும் இல்லை. தனி ஆள் பேரில் எழுதினால் நாளைக்கு அவர் வாரிசு வந்து நிற்பார். ஆகவே முதலில் அறக்கட்டளை. ஏழு பேர், ஒரு தெருவுக்கு ஒருவராவது இருக்கவேண்டும். பத்திரம் எழுதிப் பதிவு செய்து, பான் அட்டை வாங்கி, வங்கிக் கணக்குத் திறந்தோம். தபால் ஆபீசில் முப்பத்தொரு வருடம் இருந்ததால் ஃபாரம் நிரப்ப வரும் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். மஸ்கட் தம்பி நேரில் வரமுடியாது. அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிப் பவர் பத்திரம் அனுப்பினார். வெளிநாட்டிலிருந்து வரும் பவரை இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டி முறைப்படுத்தவேண்டும். அது தெரியாமல் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன். சர்வேயர் அண்ணன் தற்செயலாகக் கேட்டபோது பதினோரு நாள்தான் பாக்கி இருந்தது.

அடுத்தது அனுமதி. சொந்தப் பட்டா நிலமே ஆனாலும் பொது வழிபாட்டுக்குக் கட்டிடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். இது கோயிலுக்கு மட்டுமில்லை, பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் இதே விதிதான். நான் விவரமில்லாமல் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தேன். அது மனு, விண்ணப்பம் இல்லை. பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், கட்டிட வரைபடம், ஊராட்சித் தீர்மானம், நான்கு எல்லைக்காரர்களின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்துத் தைத்தால்தான் அது கோப்பு. கோப்பு மேலேயிருந்து கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ. என்று இறங்கி, திரும்ப அதே படியில் ஏறும். போலீஸ் அறிக்கை தனிப் பாதை. ஒரு மேசையில் நான்கு மாதம் தூங்கியது. எந்த மேசை என்று சொல்லப்போவதில்லை, நாளைக்கு மின் இணைப்புக்கும் குடிநீருக்கும் நான் அலையவேண்டியவள். தூங்கிய காரணம் இதுதான்: அருகில் உள்ள மற்ற வழிபாட்டுத் தலங்களும் பள்ளிக்கூடமும் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் குறிக்கவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் சர்வேயர் அண்ணன் அரை மணியில் குறித்துக் கொடுத்திருப்பார்.

கிழக்கு எல்லைக்காரர் கீழக்கரை முஸ்லிம். அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். சம்மதக் கடிதத்தோடு போனேன். "காக்கா, ஒரு கையெழுத்து" என்றேன். வாசித்துப் பார்த்தார். "மணி அடிங்க, ஒண்ணும் இல்லை. விடியக்காலம் மைக் மட்டும் போட்டுறாதீங்கம்மா, பேத்தி அப்பத்தான் கண்ணசருது." போலீஸ் அறிக்கையிலும் கூம்பு ஒலிபெருக்கி கூடாது என்றே நிபந்தனை வந்தது. இன்றுவரை எங்கள் கோயிலில் மைக் இல்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை.

இதற்கு நடுவே எந்தச் சாமி என்ற பஞ்சாயத்து ஓடியது. முருகன் என்றார்கள், மாரியம்மன் என்றார்கள், ஒருவர் தன் ஊர் கருப்பரையே கொண்டுவரலாம் என்றார். கருப்பர் வந்தால் அவருடைய ஆட்கள்தான் முன்னால் நிற்பார்கள், அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையார் ஜெயித்தது பக்தியால் இல்லை. அங்கே கூடியிருந்த யாருக்கும் அவர் குலதெய்வம் இல்லை என்பதால்.

பெண்கள் பக்கம் மட்டும் சமாதானம் ஆகவில்லை. "பயறு முளைக்க வச்சு அம்மனுக்குத் தூக்குற முளைப்பாரியைப் பிள்ளையாருக்குத் தூக்க முடியுமாக்கா?" என்று மூன்றாவது வீட்டுப் பெண் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

எந்தச் சாமி என்பதைவிட அதிகமாகச் சண்டை போட்ட விஷயம் மரியாதை. எங்கள் பக்கத்து ஊர்களில் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி உண்டு. வரி கொடுத்த வீட்டுக்குத் திருநீறு, தலையில் கட்டும் பரிவட்டத் துணி, முதல் மரியாதை. யாரிடம் வரி வாங்குவது, யாரிடம் வாங்கக்கூடாது என்பதில்தான் ஒரு ஊரின் சாதிக் கணக்கு முழுக்க இருக்கும். வெட்டுக்குத்து வரை போன திருவிழாவை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில், பெரிய தொகை கொடுக்கிறவர் முதல் பரிவட்டம் கேட்டார். கொடுக்கலாம் என்று சிலர் தலையாட்டவும் செய்தார்கள். நான் எழுந்து, இந்தக் கோயிலில் தலைக்கட்டும் இல்லை, முதல் மரியாதையும் இல்லை, விருப்பப்பட்டவர் விருப்பப்பட்டதைக் கொடுக்கட்டும் என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிட்டுப் படித்துக் காட்டினேன். செயலாளராக நான் செய்த ஒரே அத்துமீறல். அந்தப் பெரிய தொகை வரவில்லை. இரண்டு குடும்பம் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. ஆட்சியர் அனுமதியைவிட எனக்கு இந்தத் தீர்மானம்தான் பெரிய வேலை.

2024 தொடக்கத்தில் அனுமதி கைக்கு வந்தது. காரைக்குடிப் பக்கத்து ஸ்தபதி வந்தார். வந்ததும், "எஜமானர் நட்சத்திரம் என்ன?" என்றார். கோயில் கட்டுகிறவர்தான் எஜமானர். கருவறை அளவை ஆயாதி என்ற அளவுப் பொருத்தம் பார்த்து நிர்ணயிக்க அவர் நட்சத்திரம் தேவையாம். மறுபடி ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஸ்தபதிக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, ஊர்ப் பெயரின் முதல் எழுத்துக்கு உரிய நட்சத்திரத்தை வைத்தும் பார்க்கலாம் என்றார். எங்கள் நகருக்கு நட்சத்திரம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

கட்டுகிற கதையில் உப்புதான் வில்லன். இங்கே போர்வெல் தண்ணீர் உவர். அதில் சிமெண்ட் குழைத்தால் ஒரே வருடத்தில் சுவர் பூத்து உதிரும், கம்பி துருவேறிக் கான்கிரீட்டைப் பிளக்கும். ஊற்றுத் தண்ணீரை டிராக்டரில் வாங்கினோம். கடல் மணல் ஒரு சட்டி கூடச் சேரவிடாமல் சர்வேயர் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முடிந்த இடமெல்லாம் கருங்கல். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி ஈரப் பூச்சின் மேல் அடித்ததில் மூன்று நாள் வேலை போனது. சிலையைத் திருமுருகன்பூண்டியில் செய்யச் சொன்னோம். தட்டினால் வெண்கல மணி போல் ஒலிக்கிற ஆண் கல் என்று ஸ்தபதி தட்டிக் காட்டினார். எனக்கு எல்லாக் கல்லும் ஒரே மாதிரிதான் கேட்டது.

மின் இணைப்பு கேட்கும்போது பொது வழிபாட்டுத் தலத்துக்குரிய கட்டணப் பிரிவு என்று எழுதிக் கேளுங்கள். சும்மா விட்டால் கடைக்குப் போடுகிற கட்டணத்தில் சேர்த்துவிடுவார்கள்.

2025 ஆவணியில் கும்பாபிஷேகம். அதற்குள் புதிய பாம்பன் பாலமே திறந்து ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. "இனிமே எதுக்கு, அதான் ரயில் வந்துருச்சே" என்று அத்தையைக் கேலி செய்தோம். சிலை தண்ணீரிலும் பிறகு நெல்லிலும் கிடந்தது. கலசத்துக்குள் போட வரகு வேண்டும் என்றார்கள், கமுதியிலிருந்து என் தம்பி ஒரு மூட்டை கொண்டுவந்தான். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், கற்காவி, சாதிலிங்கம், செம்பஞ்சு, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டையும் சேர்த்து அஷ்டபந்தன மருந்து இடித்தார்கள். இளவட்டங்கள் முறை வைத்து உலக்கை பிடித்தார்கள். எருமை வெண்ணெய்க்குத்தான் இரண்டு நாள் அலைந்தோம். இந்தப் பக்கம் எருமையை எங்கே போய்த் தேட?

கடம் புறப்பட்டு, விமானத்தில் தண்ணீர் ஊற்றி, எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் குருக்கள் தட்டில் பரிவட்டத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார். "யாருக்கு?" என்றார். அவரிடம் சொல்லிவைக்க மறந்திருந்தேன். கூட்டம் மூச்சுவிடவில்லை. சர்வேயர் அண்ணன்தான் சட்டென்று, "ஸ்தபதிக்குக் கட்டுங்க சாமி" என்றார். கட்டினார்கள். ஸ்தபதி அதை அவிழ்த்துத் தன்னுடைய சிற்றாள் பையனின் தலையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

தினப் பூசைக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. இப்போது வருகிற குருக்கள் மொபெட்டில் நான்கு கோயில் பார்க்கிறார். எங்களுக்கு ஏழு மணிக்கு முன்னே வந்து இருபது நிமிடம். சாயங்கால விளக்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை. பேசாத அந்த இரண்டு வீட்டில் ஒரு வீட்டார் தங்கள் முறைக்கு எண்ணெய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமலே போகிறார்கள்.

மண்டல பூசை நாற்பத்தெட்டு நாளும் அத்தை போய் உட்கார்ந்தார். எப்படி இருக்கிறார் பிள்ளையார் என்று கேட்டேன். "புதுசுல்ல, இன்னும் பழகலை. கேக்குறாரு, பதில் சொல்ல மாட்டேங்குறாரு" என்றார்.

மூன்றாவது வீட்டுப் பெண் யாரையும் கேட்கவில்லை. ஆடிக்கு வெகுநாள் இருக்கும்போதே மொச்சையும் தட்டாம்பயறும் பாசிப்பயறும் டப்பாவில் சேர்த்துவைத்திருக்கிறாள். என்னிடம் பழைய ஓட்டுச் சட்டி இருக்கிறதா என்று போன வாரம் கேட்டாள். மூன்று இருந்தது, கொடுத்துவிட்டேன்.