கிளிக்குக்கும் வெளிச்சத்துக்கும் இடையே 2 நொடி

ஃபிசியாலஜி எம்.டி. முடித்து ஓராண்டு ஆகிறது. "தீசிஸுக்கு சி.என்.வி. எடுக்கலாம்னு இருக்கேன், நீங்க எப்படிப் பண்ணீங்க?" என்று ஜூனியர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சி.என்.வி. என்பது, வரப்போகும் ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது மூளையில் எழும் ஒரு மெதுவான மின் அலை. ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட நடந்ததை நடந்தபடி ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. மூன்று மாத வேலை மொத்தமாக வீணான கதையும் இதில் இருக்கிறது, அந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

பள்ளியில் நான் 100 மீட்டர் ஓடியிருக்கிறேன். "செட்" என்று சொன்ன பிறகு துப்பாக்கி வெடிக்கும்வரை ஒன்றிரண்டு நொடி இருக்குமே, உடம்பு கல் மாதிரி நிற்க வேண்டும், ஆனால் உள்ளே எல்லாம் ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது போல இருக்கும். மாவட்டப் போட்டி ஒன்றில் வெடிக்கும் முன்பே கால் கிளம்பிவிட்டது, வெளியே அனுப்பிவிட்டார்கள், அன்று முழுக்க அழுதேன். பெரிய போட்டிகளில் வெடித்து 0.1 நொடி ஆவதற்குள் கிளம்பினாலும் ஃபால்ஸ் ஸ்டார்ட்தான். சத்தத்தைக் காதில் வாங்கி அவ்வளவு சீக்கிரம் எவராலும் கிளம்ப முடியாது, முன்னாடியே கிளம்பியிருக்க வேண்டும் என்று கணக்கு. தீசிஸ் தலைப்பு தேடும்போது, அந்தக் காத்திருப்பில் மூளையில் நடப்பதை மண்டைக்கு வெளியே இருந்தே அளக்கலாம் என்று படித்ததும் வேறு எதையும் தேடத் தோன்றவில்லை.

அளந்து காட்டியவர் மூளை ஆய்வாளர் கிரே வால்டர், 1964இல், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்த பர்டன் நரம்பியல் நிறுவனத்தில். காதில் ஒரு கிளிக் சத்தம், ஒரு நொடி கழித்து வெளிச்சம் மினுக்கும், வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். கிளிக்குக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே உச்சந்தலையில் நெகட்டிவ் பக்கமாக ஒரு மெதுவான அலை எழும்பி, அழுத்தியதும் விழுந்துவிடும். இதுதான் சி.என்.வி., எதிர்பார்ப்பு அலை என்றும் சொல்வார்கள். (தானாக நகரும் ஆமை ரோபோக்களை 1940களின் கடைசியிலேயே செய்தவரும் இதே வால்டர்தான், தேடிப் பாருங்கள்.) அதே காலகட்டத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் கோர்ன்ஹூபர், டீக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறொரு கேள்வியைப் பிடித்தார்கள்: வெளியிலிருந்து எந்த சிக்னலும் இல்லை, மனிதன் தன் இஷ்டத்துக்கு விரலை அசைக்கிறான், அதற்கு முன் மூளையில் என்ன இருக்கும்? எப்போது அசைப்பான் என்று யாருக்கும் தெரியாதபோது எங்கிருந்து கணக்கை ஆரம்பிப்பது? மூளையின் மின்பதிவைக் காந்த நாடாவில் ஏற்றி, அசைவு நடந்த இடத்திலிருந்து நாடாவைத் தலைகீழாக ஓடவிட்டு சராசரி எடுத்தார்கள். அசைவுக்கு ஒரு நொடிக்கும் மேல் முன்பிருந்தே அலை ஏறிக்கொண்டிருந்தது. 1965இல் வெளியானது அந்தக் கட்டுரை. நாடாவைப் பின்னோக்கி ஓட்டும் அந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். புரோட்டோக்கால், எதிக்ஸ் கமிட்டி எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன், தமிழ் ஒப்புதல் படிவத்தில் "தலைக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படாது, மூளையில் இருந்து வருவதை மட்டுமே பதிவு செய்வோம்" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஈஈஜி (மூளையின் மின்பதிவு) என்றால் ஷாக் கொடுப்பது என்று முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களின் வீட்டில்கூட நினைக்கிறார்கள்.

எங்கள் துறையில் இருந்தது நோயாளிகளுக்கு எடுக்கும் சாதாரண ஈஈஜி கருவி. கிளிக், 2 நொடி இடைவெளி, எல்.இ.டி. வெளிச்சம், வலது கட்டைவிரலால் பொத்தான். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 8 முதல் 12 நொடி, அதுவும் ஒவ்வொரு முறையும் மாறிமாறி, ஏனென்றால் சீராக வைத்தால் கிளிக்கையே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவருக்கு 60 சுற்று. மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை மேடு வரை டேப் வைத்துப் பாதி, காதிலிருந்து காதுவரை பாதி, இரண்டும் சந்திக்கும் உச்சிதான் சி-ஸெட், அங்கேதான் அலை பெரிதாக வரும். இப்படியே 12 பேருக்கு எடுத்தேன். மதியம் வகுப்பு முடிந்து அவர்கள் வருவதற்காகக் காத்திருந்து, எலெக்ட்ரோடுகளை, அதாவது மின்பதிவு எடுக்கும் சின்ன உலோக வில்லைகளை, பேஸ்ட் வைத்து ஒட்டி, எடுத்து, தலையைத் துடைத்து அனுப்பி, ஒரு ஆளுக்கு இரண்டு மணி நேரம். மூன்று மாதம் ஓடியது. உட்கார்ந்து சராசரி போட்டுப் பார்த்தால், கிளிக் வந்த இடத்தில் ஒரு மேடு, வெளிச்சம் வந்த இடத்தில் ஒரு மேடு, நடுவே தரை. 12 பேருக்கும் தரை.

நான் முதலில் சந்தேகப்பட்டது வாலண்டியர்களை. ஆர்வமில்லாமல் செய்கிறார்களோ, தூங்குகிறார்களோ என்று. கைடு மேடம் எலெக்ட்ரோடை மாற்றிப் பார்க்கச் சொன்னார், மாற்றினேன், அதே தரை. கடைசியில் விஷயத்தைப் பிடித்தது நியூராலஜி ஓ.பி.யில் இருபது வருடமாக ஈஈஜி எடுக்கும் டெக்னீஷியன் அண்ணன். எதற்கோ வந்தவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர், டைம் கான்ஸ்டன்ட் 0.3லயே இருக்கே, இதுல போய் ஸ்லோ வேவ் தேடுறீங்களே?" என்றார். அப்போதுதான் உறைத்தது.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். 0.3 நொடி டைம் கான்ஸ்டன்ட் என்றால் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர் என்று அர்த்தம். வலிப்பு நோயாளிக்கு அது சரி, அங்கே தேடுவது கூரிய, வேகமான அலைகளை. ஆனால் ஃபில்டர் என்பது ஓட்டைக் குடம் மாதிரி. வேகமாக ஊற்றினால் நீர்மட்டம் ஏறுவது தெரியும், மெல்ல ஊற்றினால் ஊற்ற ஊற்ற ஒழுகிவிடும். 2 நொடியில் 10 மைக்ரோவோல்ட் நிதானமாக ஏறும் அலையை இந்தக் குடத்தில் ஊற்றினால் ஒன்றரை மைக்ரோவோல்ட்டுக்கு மேல் நிற்காது. அது இரைச்சலில் காணாமல் போகும். அப்புறம் மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும், எங்கள் கருவியோ சேமிக்கும்போதே வெட்டித்தான் சேமித்திருந்தது. அந்த 12 பேரின் பதிவுகளையும் மூட்டை கட்டி வைத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை, மேடம் "மறுபடி ஆரம்பிப்போம்மா" என்று மட்டும் சொன்னார், அதற்கே கண் கலங்கிவிட்டது.

அருகில் ஒரு பொறியியல் கல்லூரியின் பயோமெடிக்கல் துறையில் டி.சி. ஆம்ப்ளிஃபையர் ஒன்றை மேடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். கீழ் எல்லையே இல்லாமல் பதிவு செய்து, பிறகு 0.016 ஹெர்ட்ஸ் வைத்துக்கொண்டோம், அதாவது டைம் கான்ஸ்டன்ட் 10 நொடி. எலெக்ட்ரோடும் மாறியது, வெள்ளி-வெள்ளி குளோரைடு மட்டுமே, தங்க முலாம் பூசியது இந்த வேலைக்கு ஆகாது, தானே மின்னேறி அலையை இழுத்துக்கொண்டு போகும்.

மெதுவான அலைக்குக் கதவைத் திறந்தால் அதோடு மெதுவான குப்பையும் உள்ளே வரும், அதற்கும் தயாராக இருங்கள். முதல் எதிரி வியர்வை. நான் மறுபடி ஆரம்பித்தது மே மாதம், வெயிலில் நடந்து வந்த பையனை உடனே உட்கார வைத்தால் கோடு திரையை விட்டே ஏறிப் போகும், அரை மணி நேரம் ஏசியில் உட்கார வைத்து மோர் கொடுத்த பிறகுதான் தொடுவேன். இரண்டாவது தேங்காய் எண்ணெய். முதல் நாள் ஷாம்பு போட்டுக் குளிக்கச் சொல்லியும் காலையில் அம்மா தடவிவிட்டார் என்று பளபளவென்று வந்து நிற்பார்கள், இம்பீடன்ஸ் (எலெக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவே உள்ள மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கவே இறங்காது. திட்டாதீர்கள், இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். மூன்றாவது கண், இது மோசமானது. கண்ணிமைப்பதைக் கண்டுபிடித்து நீக்கிவிடலாம், ஆனால் விழி ஒரு சின்ன பேட்டரி, முன்பக்கம் பாசிட்டிவ், காத்திருக்கும்போது பார்வை மெல்லக் கீழே சரிந்தால் உச்சியில் நெகட்டிவாக அச்சு அசலாக சி.என்.வி. மாதிரியே ஒரு அலை வரும். அதனால் எதிரே சுவரில் ஒரு கூட்டல் குறி ஒட்டி அதையே பார்க்கச் சொல்லி, கண்ணுக்கு மேலும் கீழும் தனி எலெக்ட்ரோடு வைத்துச் சரிபார்த்த பிறகுதான் எந்தச் சுற்றையும் கணக்கில் சேர்த்தேன்.

புது ஏற்பாட்டில் முதலில் உட்கார்ந்தது நான்தான். கிளிக் கேட்கும், கூட்டல் குறி, கட்டைவிரல் பொத்தான் மேல். அந்த 2 நொடியில் எதையும் செய்வதாக எனக்குத் தெரியவில்லை, மூச்சு லேசாக நிற்பது மட்டும் தெரிந்தது. முடித்துவிட்டு சராசரியைப் போட்டோம். ஒரே ஒரு சுற்றில் எதுவும் தெரியாது, பின்னணி அலைகளே இதைவிடப் பல மடங்கு பெரியவை. 64 சுற்றைச் சேர்த்தால் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகும், அப்போதுதான் மறைந்திருப்பது வெளியே வரும். திரையில் கிளிக்குக்குப் பிறகு ஒரு மேடு, அப்புறம் மெல்ல மெல்ல ஏறி, வெளிச்சம் வந்ததும் சரேலென்று விழுந்தது. நெகட்டிவை மேலே போட்டு வரைவது இந்தத் துறையின் வழக்கம், அதனால் மலை ஏறுவது போலவே தெரியும். கட்டைவிரல் தசையில் வைத்திருந்த எலெக்ட்ரோடு அந்த ஏற்றம் முழுக்க அமைதி. தசை சும்மா இருக்கிறது, தலை ஏறிக்கொண்டிருக்கிறது. "செட்" சொன்ன பிறகு நான் உணர்ந்தது இதுதான், என் கண் முன்னால் கோடாக நின்றது. மேடம் என் தோளைத் தட்டினார்.

அடுத்த கட்டத்தில் வாலண்டியர்களிடம், "இனிமேல் வெளிச்சம் வராது, கிளிக் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு அதே கிளிக்கைப் போட்டோம். அலை சுருங்கிவிட்டது. காதில் விழுந்த சத்தம் அதேதான், மாறியது நாங்கள் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும். வால்டர் அன்றே எழுதியதுதான், ஆனாலும் நம் கையால் செய்து பார்ப்பது வேறு.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஒரே கேள்வியில் நிறுத்தினார்: "நீங்க அளந்தது எதிர்பார்ப்பையா, அசைவுக்கான ஆயத்தத்தையா?" இந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள், நிச்சயம் வரும். வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதும் விரலைத் தயார் செய்வதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, கடைசி ஒரு நொடியில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பிரித்துக் காட்டியவர்கள் நெதர்லாந்து ஆய்வாளர்கள் புருனியாவும் டாமெனும். பொத்தானை முதலிலேயே அழுத்தச் சொல்லிவிட்டு, சரியாக அழுத்தினாயா என்ற விடை 2 நொடி கழித்து வரும்படி வைத்தார்கள். அசைவு முடிந்துவிட்டது, காத்திருப்பு மட்டும் பாக்கி. அப்போதும் விடை வருவதற்கு முன் ஒரு நெகட்டிவ் அலை எழுந்தது, அதுவும் வலது பக்கம் கூடுதலாக. கோர்ன்ஹூபரும் டீக்கேயும் பார்த்த, அசைவுக்கு முந்திய ஆயத்த அலையோ கடைசி அரை நொடியில் அசையப்போகும் கைக்கு எதிர்ப்பக்கம் சாயும். இதைச் சொல்லி, என் தீசிஸில் இரண்டையும் பிரிக்கும் கட்டம் இல்லை, அது ஒரு குறைதான் என்று நேராகவே ஒப்புக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஆரம்பிக்கும் ஜூனியர்களுக்கு: முதல் வாலண்டியரைக் கூப்பிடும் முன் உங்கள் தலையிலேயே ஒருமுறை எடுத்து, அன்றே சராசரி போட்டு, அலை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். கருவியின் டைம் கான்ஸ்டன்ட் எவ்வளவு வரை போகும் என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள், கம்பெனிக்காரரிடம் கேட்பதைவிட அது சீக்கிரம் முடியும். அசைவு கலக்காத அந்தக் கட்டத்தை, அதாவது பொத்தானை முதலில் அழுத்தி விடைக்குக் காத்திருப்பதை, புரோட்டோக்காலிலேயே சேர்த்துவிடுங்கள், நான் சேர்க்கவில்லை. மே மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். எலெக்ட்ரோடு பேஸ்ட் இரண்டு டப்பா என்னிடம் மிச்சம் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.