கல்லணை அளவு

அக்டோபர் 19

கடிதம் வரவில்லை. நியூசிலாந்தில் வாடகை விமானம் ஓட்டிப் போக நினைக்கும் மில்ஃபோர்டின் கேமராவில் மழை. காலை ரத்த அழுத்தம் 138/88.

அக்டோபர் 20

பள்ளத்தாக்குக்குள் விமானம் திரும்பும் வட்டத்தின் கணக்கை மறுபடி போட்டேன். வேகத்தை வர்க்கப்படுத்தி, 9.81ஐச் சாய்கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஆரம். 80 நாட் என்பது நொடிக்கு 41.2 மீட்டர். 30 டிகிரி சாய்த்தால் ஆரம் 300, வந்த வழியே திரும்ப 600 மீட்டர் அகலம் வேண்டும். 45 டிகிரி சாய்த்தால் 346 போதும். அதே 30 டிகிரியை 100 நாட்டில் திரும்பினால் 930ஐத் தாண்டுகிறது. வேகம் கால் பங்கு கூடினால் அகலம் ஒன்றரை மடங்கு. பள்ளத்தாக்கு குறுகும்போது பயத்தில் த்ராட்டிலைத் தள்ளி வேகத்தை ஏற்றுகிறவர்கள் இதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கல்லணை 329 மீட்டர். சாயங்காலம் அங்கே போய் ஒரு கோடியில் நின்று மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 80 நாட்டில் இது 8 நொடி. 45 டிகிரி வட்டத்துக்கு ஒரு கல்லணை போதாது, 17 மீட்டர் இடிக்கும். 30 டிகிரி என்றால் கிட்டத்தட்ட இரண்டு கல்லணை.

அக்டோபர் 21

45 டிகிரிக்கு விலை உண்டு. இறக்கை 1.41 மடங்கு பாரம் சுமக்கும், ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது) 19 சதவீதம் ஏறும். 50 நாட்டில் ஸ்டால் ஆகிற விமானம் 60லேயே ஆகும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் 80க்கு இறக்கு, ஒரு படி ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு), முழு பவர், அதற்குப் பிறகு சாய்ப்பு. சாய்த்துவிட்டு பவரைத் தேடக் கூடாது.

அக்டோபர் 23

அடிவானம்.

திருக்காட்டுப்பள்ளியில் எந்த வரப்பில் நின்றாலும் நாலு பக்கமும் கோடு கிழித்த மாதிரி அடிவானம் இருக்கிறது. சமவெளியில் பறந்து பழகிய கண் அதை வைத்தே மூக்கின் உயரத்தைப் பிடிக்கும். மலைக்குள் அந்தக் கோடு கிடையாது. எதிரே ஏறிக்கொண்டே போகும் சரிவை அடிவானமாக எடுத்துக்கொண்டு மூக்கைத் தூக்கிக்கொண்டே போவோம். வேகம் 95, 85, 75 என்று கரையும், தெரியாது.

இன்று நாற்று நட்ட வயலில் இதைப் பார்த்தேன். தேங்கிய தண்ணீர் எதிர் வரப்பைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு. வரப்பின் மேல்விளிம்பு மேடும் பள்ளமுமாக இருந்தாலும் அந்த நீர்க்கோடு மட்டம். நியூசிலாந்தின் வனாக்கா ஏரித் தண்ணீர் தூரத்து மலையின் அடியைத் தொடுகிற கோடும் இதுதான். மலையின் தலையைப் பார்க்காதே, அதன் காலைப் பார். ஏரி இல்லாத இடத்தில் அப்படி ஒரு ஏரி இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். வேகமானியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

அக்டோபர் 25

அடைமழை. 136/86.

அக்டோபர் 28

கொள்முதல் நிலையத்தில் எடைபோடும் அண்ணனிடம் கேட்டு, 40 கிலோ மூட்டை ஏறுகிற தராசில் நானும் பையும் ஏறினோம். "தம்பி, நீங்க 78. பை 22." வீட்டுத் தராசு 75 காட்டியிருந்தது. இந்த மூன்று கிலோ நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும் மூன்று கிலோ.

வாடகை செஸ்னா 172என், வெறும் எடை 672 (அவர்கள் அனுப்பிய தாளில்). நான் 78, மச்சான் 71, பை 22. தொட்டி நிரம்ப 151 லிட்டர், லிட்டருக்கு 0.72 வீதம் 109 கிலோ. மொத்தம் 952. உச்சவரம்பு 1,043.

மச்சான் போனில், "மாப்ள, இன்னும் 91 கிலோ இருக்குல்ல, பையனையும் கூட்டிக்கலாமே" என்றான். தாளில் இடம் இருக்கிறது. மலையில் இல்லை. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 500 அடி என்று வைத்துக்கொண்டால், முகட்டுக்குப் பின்பக்கம் அமுக்கும் காற்று அதற்கு மேல் இறக்கும். அந்த நேரத்தில் கையில் இருப்பது இந்த 91 கிலோதான். கூடாது என்று சொல்லிவிட்டேன். வருத்தம்தான் அவனுக்கு.

அக்டோபர் 31

கடிதம் வரவில்லை.

நவம்பர் 2

ஆனி ஆடியில் குடகில் கொட்டி மேட்டூர் நிறைகிறது, நம் வயலில் ஒரு சொட்டு விழுவதில்லை. மலையைத் தாண்டிய காற்று காய்ந்துபோய் வருகிறது. நியூசிலாந்துத் தென்தீவில் நடப்பதும் இதே. வடமேற்குக் காற்று கடலில் ஈரம் அள்ளி தென் ஆல்ப்ஸில் மோதி மேற்குக் கரையில் கொட்டும். கிழக்கே வெப்பமும் வறட்சியுமாக இறங்கும். மில்ஃபோர்டில் வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல். நமக்கு 1,000 சொச்சம்.

ஆக கிழக்கே வனாக்காவில் வெயில் அடிப்பது மில்ஃபோர்டுக்குச் சான்று ஆகாது. சில நாள் அதுவே எச்சரிக்கை. வானத்தில் லென்ஸ் வடிவ மேகம் நகராமல் நின்றால் மேலே காற்று வலுத்திருக்கிறது, முகட்டுக்குப் பின்னால் சுழல் உருளும். முகட்டு உயரத்தில் 20 நாட்டுக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் புதியவன் கிளம்ப வேண்டியதில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து சோறு சாப்பிடலாம்.

நவம்பர் 3

கேமராவில் மைட்டர் சிகரம் பாதி தெரிந்தது. 1,680 மீட்டருக்கு மேல், கடலிலிருந்து நேராக. பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக 25 அடுக்க வேண்டும்.

நவம்பர் 6

திரும்பும் வட்டத்தில் ஒன்றை விட்டிருக்கிறேன். காற்று. 30 டிகிரி அரைவட்டத்துக்கு 23 நொடி. குறுக்கே 20 நாட் காற்று அந்த 23 நொடியில் விமானத்தை 235 மீட்டர் தள்ளிவிடும். காற்றோடு திரும்பினால் 600 என்பது 835 ஆகும், இரண்டரைக் கல்லணை. எதிர்த்துத் திரும்பினால் 365.

அப்புறம் உயரம். கருவி 80 காட்டினாலும் 6,000 அடியில் உண்மை வேகம் 90ஐ ஒட்டி இருக்கும், ஆயிரம் அடிக்கு 2 சதவீதம் என்ற கணக்கில். 600 அங்கே 750.

நடுவில் பறக்கவே கூடாது. நடுவில் போனால் இரண்டு பக்கமும் பாதி அகலம்தான் மிச்சம். அங்கே எதிரே வருகிற விமானத்துக்காக வலது பக்கம் ஒட்டுவது வழக்கம். இடமிருந்து காற்று வந்தால் வலச் சரிவில் ஏறுகாற்று, திருப்பமும் காற்றை எதிர்த்து, எல்லாம் பொருந்தும். வலமிருந்து வந்தால் அதே சரிவில் இறங்குகாற்று. அப்போது அந்தப் பள்ளத்தாக்கையே விட்டுவிடுவதுதான் சரி.

நவம்பர் 7

132/84. உப்பு குறைத்ததில் வித்தியாசம் தெரிகிறது. ஊறுகாய் ஜாடியை அத்தை மேலே எடுத்து வைத்துவிட்டார்.

நவம்பர் 10

இன்று 24 டிகிரி, சுவரெல்லாம் வியர்க்கிறது. இந்தக் காற்றில்தான் கார்புரேட்டருக்குள் பனி கட்டும். பனி என்றால் குளிர்தேசம் என்று நினைப்பது தவறு. பெட்ரோல் ஆவியாவதிலும், குறுகிய கழுத்தில் காற்று விரிவதிலும் உள்ளே 20 டிகிரிக்கு மேல் இறங்கும். ஈரம் இருந்தால் போதும். அறிகுறி, ஆர்.பி.எம். மெதுவாகக் குறைவது. கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் ஹீட்டை முழுக்க இழுக்க வேண்டும், பாதி இழுத்தால் கேடு. கரைந்த நீர் எஞ்சினுக்குள் போகும்போது சில நொடி இருமும். அந்த இருமலுக்குப் பயந்து ஹீட்டைத் திரும்பத் தள்ளிவிடுவதுதான் பெரிய பிழை. பொறுத்தால் ஆர்.பி.எம். ஏறும்.

நவம்பர் 13

தபால்காரர் தெருவைத் தாண்டிப் போனார்.

நவம்பர் 16

கடைமுகம். அத்தை விடியற்காலையே மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறிவிட்டார். வீடு அமைதி. வரைபடம் முழுக்க விரித்தேன்.

வனாக்காவிலிருந்து போகும் வழியில் ஹாஸ்ட் கணவாய் 562 மீட்டர் உயரம்தான், அதனால் மேகம் தாழ்ந்த நாளிலும் சில சமயம் திறந்திருக்கும். திறந்திருக்கிறதா என்பதைக் கணவாயின் அந்தப் பக்கம் தெரிகிறதா என்று பார்த்துத்தான் முடிவு. நெருங்கும்போது 45 டிகிரி கோணத்தில் சாய்வாக வர வேண்டும். நேராக வந்தால் தப்பிக்க 180 திரும்பணும், சாய்வாக வந்தால் 90 போதும். அமைதியான நாளில் முகட்டுக்கு மேல் 1,000 அடி, காற்றுள்ள நாளில் 2,000.

ஹாஸ்டிலிருந்து கரையோரமாகத் தெற்கே ஜாக்சன் விரிகுடா, பிக் விரிகுடா, மார்ட்டின்ஸ் விரிகுடா, பிறகு மில்ஃபோர்டின் வாய். உள்மலைக் கணவாய்கள் மூடினால் இதுவே மாற்றுவழி. ஹாலிஃபோர்ட் பள்ளத்தாக்கு வழியாகவும் இந்தக் கரைக்கு இறங்கலாம். 3,000 அடியில் எஞ்சின் நின்றால் 8 கிலோமீட்டர் மிதக்கலாம். கரையை விட்டு அதற்கு மேல் போகக் கூடாது. உயிர்காப்பு அங்கியைச் சீட்டுக்குப் பின்னால் வைப்பதில் பயனில்லை, இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். மில்ஃபோர்ட் ஓடுதளம் 800 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, சுற்றிலும் பாறை. காலையில் போய்விட வேண்டும், பிற்பகலில் கடற்காற்று உள்ளே ஏறும். எடுத்துக்கொள்ள வேண்டியவை: விமானத்தைக் கட்டிவைக்கக் கயிறு, மணல் ஈக்கு மருந்து.

எரிபொருள் மணிக்கு 32 லிட்டர். பகலுக்கு 30 நிமிட இருப்பு என்பது சட்டம். எனக்கு ஒரு மணி நேரம்.

நவம்பர் 17

முடவன் முழுக்கு. மழை விடவில்லை.

நவம்பர் 19

130/82. மச்சான் கேட்கிறான், டிக்கெட்டை மாற்றவா என்று. மாற்றாதே என்றேன். அப்புறம் கல்லணைக்குப் போனேன். மதகுகளில் தண்ணீர் சீறுகிறது.

நவம்பர் 21

காலை 5 மணி, அங்கே பகல் 12.30. மைட்டர் அடிவரைக்கும் தெரிகிறது. நீர்க்கோடு ஒரே மட்டம், அலை இல்லை. 126/80. தபால் 11 மணிக்கு மேல்தான்